பாடவேளையில் மனம் ஒட்டாத மாணவர்கள்: உங்கள் பள்ளிகளில் என்ன செய்கிறீர்கள்?

குழுவிலுள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் நாள்தோறும் தவறாமல் வருகிறார்கள், குறும்பும் செய்வதில்லை. ஆனால் கரும்பலகையைப் பார்த்தபடியே வேறெங்கோ இருக்கிறார்கள். கேள்வி கேட்டால் எழுந்து தலைகுனிந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

கண்டிப்பது, வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, பெற்றோரை அழைத்துவரச் சொல்வது என்பதே எங்கள் பள்ளியின் வழக்கம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது என்பது ஒருபுறமிருக்க, கவனிக்காத பிள்ளையை வெளியே நிறுத்தினால் அவன் இன்னும் கொஞ்சம் பாடத்தை இழக்கிறான் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சம்பா நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் தாயிடம் நான் என்ன சொல்வது?

சென்ற வாரம் பின்னக் கணக்கை, ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி என்று வயலளவில் மாற்றிக் கேட்டபோது, ஆண்டு முழுவதும் வாய் திறக்காத ஒருவன் எனக்கு முன்பே விடை சொன்னான். மறுநாள் இயற்கணிதம் தொடங்கியதும் பழைய நிலைக்கே போய்விட்டான்.

அடிப்படை புரியாமல் ஒதுங்கும் மாணவனையும், வீட்டுச் சூழலால் சோர்ந்திருப்பவனையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடிக்கு இடையே இவர்களுக்கு எப்போது நேரம் ஒதுக்குகிறீர்கள்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, வெளியே நிறுத்தும் வழக்கத்தை மாற்றியவர்கள் இருந்தால், தலைமையாசிரியரிடம் எப்படி எடுத்துரைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.