கடைக் கணினியில் செட்டிங்ஸ் மாற்றுவது தப்பா?

தாராவி டிடிபி:
தாராவி 90 அடி ரோடு பக்கம் ஓர் அச்சுக் கடையில் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கிற வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கணபதி பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று காலையில் தமிழ், மத்தியானம் மராத்தி, நடுநடுவே பில் போட ஆங்கிலம். போன மாதம் கடைக்குப் புதுக் கணினி வந்தது, விண்டோஸ் 11. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் கைக்கு ஏற்றமாதிரி மாற்றினேன். நடுவில் இருந்த ஸ்டார்ட் பட்டனை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன், திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவின் பெயரும் கீழே தெரியும்படி வைத்தேன், தமிழ் 99 கீபோர்டும் மராத்தி கீபோர்டும் சேர்த்தேன், ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன், அதாவது அது என்ன வகை ஃபைல் என்று சொல்கிற வால், தெரியும்படி செய்தேன். மறுநாள் முதலாளியின் மைத்துனர் பார்த்துவிட்டு, வந்தது வந்தபடி இருக்கட்டும், கை வைக்காதே என்று சத்தம் போட்டார். சர்வீஸ் பையனும் அதற்கு ஆமாம் போட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டுப் போனான். நான் செய்ததில் என்ன தப்பு? தினமும் பத்து மணி நேரம் அதன் முன்னால் உட்காருகிறவன் நான்தானே.

அந்தேரி சப்போர்ட்:
தப்பு என்றுதான் சொல்வேன் அண்ணே, கோபப்படாதீர்கள். அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடமாக டெஸ்க்டாப் சப்போர்ட் பார்க்கிறேன். எங்களிடம் மூன்று ஷிப்ட், ஒரே நாற்காலியில் ஒரே யூசர் கணக்கில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள். ஒருவர் இடது கைக்காரர், மவுஸ் பட்டன்களை மாற்றி வைத்துவிட்டுப் போவார், அடுத்து வருகிறவர் மவுஸ் கெட்டுப்போச்சு என்று போன் செய்வார். இன்னொருவர் மராத்தி கீபோர்டு சேர்த்திருப்பார். அடுத்த ஷிப்டில் ஒருவர் தெரியாமல் ஆல்ட்டையும் ஷிப்டையும் சேர்த்து அழுத்துவார், மொழி மாறிவிடும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் புள்ளி மட்டும்தானே தெரியும்? நாலு தடவை தப்பாக அடித்து அக்கவுண்ட் லாக் ஆகும். அதைத் திறக்க நான் நாலாவது மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும். எல்லாக் கணினியும் ஒரேமாதிரி இருந்தால்தான் ஒரு கோளாறை போனிலேயே சொல்லி சரிசெய்ய முடியும். "இடது கீழ் மூலையில் அழுத்துங்கள்" என்று நான் சொல்லும்போது அவர் திரையில் அங்கே ஒன்றும் இல்லை என்றால் அரை மணி நேரம் போச்சு.

தாராவி டிடிபி:
உங்கள் கஷ்டம் புரிகிறது தம்பி. ஆனால் கம்பெனி வைத்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று எப்படி எடுத்துக்கொள்வது? 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் போட்ட கூச்சலில் அடுத்த வருடமே 8.1இல் அது திரும்பி வந்தது. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரில், அதாவது திரையின் கீழே இருக்கிற பட்டையில், விண்டோ பெயர்களைக் காட்டுகிற வசதியை எடுத்தார்கள், 2023இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் ஆறு பத்திரிகை திறந்து வைத்து வேலை செய்கிறவனுக்கு ஆறும் ஒரே சின்னமாக அடுக்கி நின்றால், எது யார் வீட்டுக் கல்யாணம் என்று எப்படித் தெரியும்? மாப்பிள்ளை பெயரை மாற்றி அச்சடித்துவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில்?

எக்ஸ்டென்ஷன் விஷயம் இதைவிடப் பெரிது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பென்டிரைவோடு வருகிறார்கள். விண்டோஸ் தானாக எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கிறது, அதனால் பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ என்று இருக்கிற ஃபைல் பில்.பிடிஎஃப் என்றுதான் தெரியும். இஎக்ஸ்இ என்றால் திறந்ததும் ஓடுகிற புரோகிராம். 2000ஆம் வருடம் மே மாதம் உலகத்தையே ஆட்டிய ஐ லவ் யூ வைரஸ் இப்படித்தான் பரவியது. டிஎக்ஸ்டி ஃபைல் என்று நினைத்துத் திறந்தார்கள், பின்னால் விபிஎஸ் என்று, அதுவும் திறந்ததும் ஓடுகிற வகை, இருந்தது கண்ணில் படவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த செட்டிங் அப்படியே இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ என்று போய் ஒரு டிக் போட்டால் போதும். இதை மாற்றியதற்கு என்னைத் திட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தேரி சப்போர்ட்:
எக்ஸ்டென்ஷனில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, எங்கள் கணினிகளில் அதை நாங்களே எல்லோருக்கும் மாற்றித்தான் தருகிறோம். ஆனால் ஸ்டார்ட் பட்டன் கதையை நான் வேறுமாதிரி பார்க்கிறேன். அது திரும்பி வந்தது ஜனங்கள் கம்பெனியிடம் கேட்டதால். அதற்குள் பொறுமையில்லாமல் எங்கிருந்தோ ஒரு கருவியை இறக்கி டாஸ்க்பாரைப் பழையபடி ஆக்கினார்களே, அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அப்படி ஒன்றைப் போட்டிருந்தார், அடுத்த அப்டேட் வந்த அன்று டாஸ்க்பாரே இல்லை, வெறும் வால்பேப்பர். மாதக் கடைசி, சம்பளம் போடுகிற நாள் வேறு.

மாட்டுங்கா மாமி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 71 வயது, கண்புரை ஆபரேஷன் ஆனவள். என் பையன் புனேயில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது திரையில் எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தான், அந்த அக்சஸிபிலிட்டி பக்கத்தில் டெக்ஸ்ட் சைஸ் என்று ஒன்று இருக்கிறது, 225 சதவீதம் வரை போகும். அதை 160இல் வைத்தான். ஆறு மாதம் சுகமாக இருந்தேன். பிறகு ரிப்பேருக்கு வந்த ஒருவர் என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுபோய்விட்டார். கேட்டால், கணினி இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார். யாருக்கு இப்படி இருக்க வேண்டும்? கணினிக்குக் கண் வலிக்காது, எனக்குத்தான் வலிக்கிறது. அந்தேரி தம்பி, உன் கஷ்டம் நியாயம்தான், ஆனால் அலுவலகத்துச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே.

அந்தேரி சப்போர்ட்:
மாமி, உங்களைக் கேட்காமல் அவர் கை வைத்தது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

முலுண்ட் மாணவன்:
நான் இரண்டு பக்கமும் இருந்தவன். எங்கள் சித்தப்பாவும் முலுண்டில் டிடிபி கடைதான் வைத்திருக்கிறார். அங்கே ஒரு மெயிலில் தமிழ் எழுத்து சரியாக வரவில்லை என்று இணையத்தில் தேடினேன். ரீஜன் பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் என்று போய், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையான யூடிஎஃப் 8ஐ உலக மொழிகளுக்குப் பயன்படுத்து என்கிற ஒரு டிக்கைப் போடச் சொன்னார்கள், போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். அதன் பக்கத்திலேயே பீட்டா, அதாவது இன்னும் சோதனையில் இருக்கிறது என்று எழுதியிருந்தது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்களில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. பதினைந்து வருடத்துப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் போய்விட்டது என்று சித்தப்பா அன்று சாப்பிடவே இல்லை. டிக்கை எடுத்ததும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் எந்த டிக் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, ஏனென்றால் அதே நாளில் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியிலும் ஏதேதோ மாற்றியிருந்தேன், எதையும் எழுதி வைக்கவில்லை.

தாராவி அண்ணன் செய்தது அப்படிப்பட்டது இல்லை. டாஸ்க்பார், கீபோர்டு, எக்ஸ்டென்ஷன் எல்லாம் அந்த ஒரு யூசருக்கு மட்டும்தான் மாறும். நான் தொட்டது கணினி முழுவதற்கும் மாறுகிற விஷயம். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவதால்தான் சண்டை நீள்கிறது என்று நினைக்கிறேன்.

தாராவி டிடிபி:
தம்பி சொல்வது சரி. அப்படியென்றால் எனக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் போட்டுக்கொண்டால் மைத்துனருக்கு என்ன பிரச்சினை? அவர் கணக்கில் எல்லாம் வந்தபடியே இருக்கட்டும்.

அந்தேரி சப்போர்ட்:
போடுங்கள், நான் முதலிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டிடிபி கடையில் ஒரு சிக்கல் வரும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். எழுத்துருவை ரைட் கிளிக் செய்து வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த ஒரு யூசருக்குத்தான் போகும். நீங்கள் உங்கள் கணக்கில் பத்திரிகை செய்து வைத்துவிட்டுப் போக, அவர் தன் கணக்கில் திறந்தால் எழுத்துரு இருக்காது, எழுத்து மாறி நிற்கும், பழி உங்கள் மேல் விழும். அதனால் இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் என்று கொடுங்கள். அப்புறம் மூன்று மொழி அடிக்கிறீர்கள் அல்லவா, டைப்பிங் பக்கத்தில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மொழி வைத்துக்கொள்ள ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் பில் போடும் விண்டோ ஆங்கிலத்திலேயே நிற்கும், பத்திரிகை தமிழிலேயே நிற்கும். அங்கேயே ஹாட் கீ என்ற இடத்தில் ஆல்ட் ஷிப்டை எடுத்துவிடுங்கள், மொழி மாற்ற விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் போதும்.

தாராவி டிடிபி:
ஆறு வருடமாக மூன்று மொழி அடிக்கிறேன், விண்டோவுக்கு விண்டோ மொழி நிற்கும் என்று இன்றுதான் தெரிந்தது. பில் நடுவில் திடீரென்று தமிழ் எழுத்து விழுந்து எத்தனை தடவை அழித்திருக்கிறேன்! பாருங்கள் தம்பி, கை வைக்காதே என்று ஆரம்பித்தீர்கள், இப்போது நீங்களே எனக்கு மூன்று இடத்தில் மாற்றச் சொல்கிறீர்கள்.

அந்தேரி சப்போர்ட்:
உங்கள் கணக்கில் சொல்கிறேன் அண்ணே. ஒரே கணக்கைப் பொதுவாக வைத்துக்கொண்டு மாற்றுவதற்கு நான் இன்னும் எதிரிதான், அதில் மாறமாட்டேன்.

தாராவி டிடிபி:
நானும்தான் மாறவில்லை. பொதுக் கணக்கானாலும் எக்ஸ்டென்ஷன் தெரியத்தான் வேண்டும், நாளைக்கு முதலாளியிடமே நேரில் பேசுகிறேன். மாமி, உங்கள் எழுத்தைப் பெரிதாக்க உங்கள் பையன் அடுத்த தீபாவளிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விண்டோஸ் பட்டனையும் யூ பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள், அக்சஸிபிலிட்டி பக்கம் நேராகத் திறக்கும், டெக்ஸ்ட் சைஸ் அங்கேதான் இருக்கிறது. நகர்த்திவிட்டு அப்ளை கொடுக்க மறக்காதீர்கள்.

மாட்டுங்கா மாமி:
வந்துவிட்டது. இந்தத் தடவை 170.