ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல்: எலிசா நேர்மறை என்றால் நோய் இப்போது பரவுகிறது என்று பொருளா?

கேள்வி – கால்நடை மருத்துவ முதுநிலை மாணவி

கென்யாவில் வெள்ளம் வடிந்த பிறகு செம்மறிக் கிடைகளில் அடுத்தடுத்துச் சினை சிதைந்தால், கொசுவால் பரவும் இந்நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று படித்தேன். அப்படியொரு கிடையின் இரத்த ஊநீர் மாதிரிகள் போட்டிமுறை எலிசாவில் (தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) நேர்மறையாக வந்தால், நோய் இப்போது பரவுகிறது என்று அறிக்கை எழுதலாமா?

பதில் – ஆய்வகப் பணியாளர்

அதை மட்டும் வைத்து எழுத வேண்டாம். சோதனைத் தட்டின் குழிகளில் பூசியிருப்பது வைரஸின் நியூக்ளியோபுரதம், அதாவது அதன் மரபுப்பொருளைச் சூழ்ந்திருக்கும் புரதம். ஊநீரிலுள்ள எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டால், நொதி இணைத்த எதிர்ப்பொருளுக்கு இடம் கிடைக்காமல் நிறம் மங்கும். மங்கிய குழியே நேர்மறை. ஆடு, மாடு, ஒட்டகம், மனிதர் என எந்த ஊநீரையும் ஒரே முறையில் சோதிக்க முடிவது பெரிய வசதிதான். ஆனால் இருப்பது ஐஜிஎம்மா ஐஜிஜியா (இரண்டும் எதிர்ப்பொருள் வகைகள்) என்பதை இச்சோதனை பிரித்துச் சொல்லாது. தொற்றிய சில நாட்களில் தோன்றும் ஐஜிஎம் சில மாதங்களில் மறைந்துவிடும். ஐஜிஜியோ ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதால், கென்யாவின் 2018 பரவலில் தொற்றித் தேறிய மாடு பிந்தைய ஆண்டுகளிலும் நேர்மறை காட்டக்கூடும். ஐஜிஎம் எலிசாவைத் தனியே செய்யுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து அதே ஆடுகளிடம் மீண்டும் இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் – கள மருத்துவர்

தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள் அம்மா. ஸ்மித்பர்ன் என்ற உயிருள்ள தடுப்பூசி (வலுவிழக்கச் செய்த வைரஸ் கொண்டது) சினை ஆடுகளில் கருச்சிதைவையே உண்டாக்கக்கூடும், எதிர்ப்பொருளையும் உருவாக்கும். கரு விழுந்த ஆடும் நேர்மறை எலிசாவும் ஒருசேரக் கண்ணில் படும்போது, அது தடுப்பூசியின் விளைவா இயற்கைத் தொற்றா என்று வழக்கமான எலிசாவால் சொல்ல இயலாது.

பதில் – நுண்ணுயிரியலாளர்

எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே இறந்த குட்டியின் ஊநீர் எதிர்மறையாகத்தான் வரும். அதன் கல்லீரலில் வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனையைச் செய்ய வேண்டும். ஊநீரிலுள்ள எதிர்ப்பொருள் வைரஸின் தொற்றும் திறனை முடக்குகிறதா என்று பார்க்கும் வைரஸ் நடுநிலையாக்கச் சோதனை மிகத் துல்லியமானது. ஆனால் உயிருள்ள வைரஸைக் கையாள்வதால் உயர் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. கென்யாவின் நைவாஷா ஏரிப் பகுதியில் இந்நோயை முதன்முதலில் ஆராய்ந்து 1931இல் அறிவித்தவர்களுக்கே காய்ச்சல் தொற்றியது. சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. மேய்ப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவிட்டு மாதிரி எடுங்கள்.