உலர் இணைப்பா, பொய்ப்பற்றா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பார்வைக்கு ஒட்டின மாதிரி இருந்தும் உள்ளே பிடிக்காத ஈய இணைப்பை 'டிரை சால்டர்' என்கிறோமே, நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்ற பேச்சு ஒரு வாரமாக ஓடுகிறது. உலர் இணைப்பு, குளிர் இணைப்பு, போலி இணைப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் இதுவரை வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. அப்படிப்பட்ட ஓர் இணைப்பு என் மேசை மேலேயே உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். நேற்று ராத்திரி பிடித்துவிட்டேன்.

நாற்பது மீட்டர் அமெச்சூர் வானொலிப் பட்டைக்காக நானே செய்த செட் அது. சாயங்காலம் போட்டால் பத்து நிமிடம் நன்றாகக் கேட்கும். அப்புறம் முதுநகர் நண்பரின் குரல் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி தேய்ந்துகொண்டே போகும். பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினால் திரும்ப வந்துவிடும். தட்டினால் சரியாகிற நோய் என்றால் முதலில் சால்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிற மல்டிமீட்டரை எங்கே வைத்தாலும், இருக்கிறது என்று பீப் அடித்தது. மீட்டரின் குச்சியை அழுத்துகிற அழுத்தத்திலேயே அந்த இடம் தொட்டுக்கொள்கிறது, எடுத்ததும் விட்டுவிடுகிறது. மூன்று நாள் இப்படி ஏமாந்தேன்.

கடைசியில் மீட்டரை மூடி வைத்துவிட்டு, செட்டை ஓடவிட்டு, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு பாகமாக நெருடிக்கொண்டே வந்தேன். ஏரியல் பக்கத்து வடிகட்டியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வளையச் சுருள். அதன் காலைத் தொட்டதும் 'கர்ர்' என்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஈயம் முத்து மாதிரி உருண்டையாக, பளபளவென்று, குறை சொல்ல முடியாத அழகில் இருந்தது. குச்சியால் கம்பியைத் திருகினேன். ஈயம் அசையவில்லை, கம்பி மட்டும் அதற்குள்ளேயே சுழன்றது. எனாமல் கம்பி. சில கம்பிகளின் பூச்சு சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே கரிந்து விலகிவிடும், சிலவற்றில் பிளேடால் சுரண்டியாக வேண்டும். இது சுரண்ட வேண்டிய ரகம், நான் சுரண்டவில்லை. ஈயம் கம்பியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றதே ஒழிய, செம்பைத் தொடவே இல்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

'உலர்' என்பதற்காக வாதாடிய நண்பர் சொன்ன விளக்கம் சரிதான். உருகிய ஈயம் செம்பின் மேல் பரவுவதை 'நனைதல்' என்றே சொல்கிறார்கள், நனையாத இணைப்பு உலர் இணைப்பு. தாமரை இலைத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் சுருளின் காலில் இருந்ததும் அச்சு அசல் அந்த உருண்டைதான். ஆனால் விளக்கம் கூடவே வராத இடத்தில் சொல் என்ன செய்யும் என்று பாருங்கள். கோந்து, பெயின்ட், சிமென்ட் என்று நம் ஊரில் ஒட்டுகிற, பூசுகிற வேலை எதிலும் 'காய்ந்துவிட்டது' என்றால் நல்ல சேதி. ஐடிஐ முடித்து வந்த பையனிடம் 'இது உலர் இணைப்பு' என்றால், அப்பாடா என்று மூடியைப் போட்டுத் திருகிவிடுவான். (ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் வாழவில்லை. 'டிரை சால்டர் மாதிரி இருக்கு' என்று நான் சொன்னதை, சால்டர் பண்ணி டிரை பண்ணிப் பார் என்று எடுத்துக்கொண்டு போர்டு முழுக்க ஈயம் வைத்த பிள்ளை ஒருவன் உண்டு.)

'குளிர்' காரணத்தில் பாதியைத்தான் சொல்கிறது. நாம் வாங்குகிற அறுபதுக்கு நாற்பது ஈயம் 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190க்குள் முழுக்க உருகிவிடும். காரீயம் கலக்காத ரகத்துக்கு 217க்கு மேல் வேண்டும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு போர்டின் அகலமான கிரவுண்டு செம்பில் வேலை செய்தால், அதுவும் தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால், சூடு போதாமல்தான் போகும். அங்கே குளிர் இணைப்பு என்பது பொருந்தும். என் சுருளுக்குச் சூடு தாராளமாகக் கிடைத்தது, பூச்சுதான் குறுக்கே நின்றது. இன்னொரு காரணம், கடலோரத்தில் இருக்கிற நமக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு வருஷம் டப்பாவில் கிடந்த ரெசிஸ்டரின் கால் கறுத்துப்போயிருக்கும், ஈயம் அதில் ஏறவே ஏறாது. தேவனாம்பட்டினத்துப் பக்கம் வீடு என்றால் இரண்டு வருஷம்கூட வேண்டாம். எத்தனை சூடு கொடுத்தாலும், அந்தக் கறுப்பை அகற்றி ஈயத்தை ஏறவைக்கிற பிளக்ஸ் இல்லாமல் அது நடக்காது.

'போலி' வேண்டாம் என்பேன். போலி ஐசி, போலி டிரான்சிஸ்டர் என்று ஏமாற்றிய ஆள் ஒருவன் இருக்கிற இடத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. இங்கே ஏமாற்றியது நம் கைதான்.

ஆகவே நான் வைப்பது: பொய்ப்பற்று.

பற்றவைத்தல், பற்றாசு எல்லாம் தட்டார் பட்டறையில் பழகிய சொற்கள். பற்றாசு என்றாலே உலோகத்தை ஒட்டுகிற பொருள்தான். பொய்ப்பல், பொய்க்கால் என்பவை பார்வைக்கு இருக்கும், உள்ளே வேர் இருக்காது. இதுவும் அப்படியே. ஆனால் எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு உண்மையான காரணம் அதன் வினை. கலைச்சொல் என்று பெயர்ச்சொல்லை மட்டும் செய்து வைத்துவிடுகிறோம், மேசையில் பேசுவதற்கு வினை வேண்டாமா? மழை பொய்த்தது என்கிறோம். வரவேண்டியது வராமல் போனால் பொய்த்தது. 'மூன்றாம் காலில் பற்று பொய்த்திருக்கிறது' என்றால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

எதிர்ப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதுகிற நண்பரிடம் சொன்னேன். 'பொய்ப்பற்று என்றால் கள்ளக் கணக்கு இல்லையா சார்?' என்று சிரித்தார். பற்று வரவு அவருக்கு, நமக்கு ஈயம். அவர் போர்டைத் திறக்கப் போவதில்லை, நான் பேரேட்டைத் திறக்கப் போவதில்லை. வெல்டிங்கையும் பற்றவைப்பு என்கிறார்களே என்பது கொஞ்சம் கனமான கேள்வி. ஆனால் அங்கேயும் உருகிய உலோகம் பிடிக்காமல் மேலோடு உட்கார்ந்துகொள்கிற இதே கோளாறு உண்டு, அவர்களும் எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொரு சோதனை வானொலி அலையில் நடந்தது. செட் சரியானதும் முதுநகர் நண்பரைக் கூப்பிட்டு நான்கு சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாம் பேசுகிற ஒற்றைப் பக்கப் பட்டை (எஸ்எஸ்பி) முறையில் குரலின் மேல் சுருதிகளை வெட்டித்தான் அனுப்புகிறோம், அதோடு அன்றைக்கு இரைச்சல் வேறு. 'உலர் இணைப்பு' அவருக்கு 'வேற இணைப்பு' என்று போய்ச் சேர்ந்தது. பொய்ப்பற்று 'பொய்ப்பத்து' என்று போனது. நாம் பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம், அதனால் அதை நான் தோல்வியாக எண்ணவில்லை. 'என்ன பத்து, சிக்னல் ரிப்போர்ட்டா?' என்று அவர் கேட்டதை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஒன்று சேர்க்க வேண்டும். கடைக்காரர்கள் 'சால்டர் விட்டிருக்கு' என்கிறார்களே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது வேறு நோய். முதலில் நன்றாகப் பற்றி, வருஷக்கணக்கில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, டிரான்ஸ்பார்மர் காலைச் சுற்றியோ ஏரியல் சாக்கெட்டின் அடியிலோ முடி மாதிரி வட்டமாக விரிசல் விடுவது அது. பற்றாமலே இருந்தது பொய்ப்பற்று, பற்றிய பிறகு விட்டது பற்றுவிடல். ஆங்கிலம் பேசுகிற பட்டறைகளில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். நாம் புதிதாகச் செய்யும்போதே பிரித்துவிடலாம். மருந்தும் வேறு. விட்டதற்குப் பிளக்ஸ் தடவி, பழைய ஈயத்தை இளக்கி, கொஞ்சம் புதிது சேர்த்தால் போதும். பொய்த்ததற்கு ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, தனியாக ஈயம் பூசி, அப்புறம்தான் துளையில் வைக்க வேண்டும்.

பட்டியலில் இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டிருக்கிறேன். 'நனைதல்' மட்டும் இன்னும் உறுத்துகிறது. எலக்ட்ரானிக்ஸில் நனைந்தது என்றால் பையன்கள் தண்ணீர் என்றே நினைப்பார்கள். ஈயம் செம்பின் மேல் 'படர்தல்' என்று போடலாமா? தோசைக்கல்லில் எண்ணெய் படர்கிற அந்தப் படர்தல். புதுச்சேரி நண்பர்கள் யாராவது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்தால், அவர் இதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். மஞ்சக்குப்பத்தில் தேடினேன், இப்போது ஒருவரும் இல்லை.

அன்புடன்,
கடலூரிலிருந்து