பெத்த பிள்ளை மேலயே மனுவா? முதியோருக்காக அலுவலகப் படி ஏறியவர்களின் அனுபவங்கள்

மதுரைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை

முதியோருக்காக மனு எழுதிக் கொடுத்து, கூடவே போய் நிற்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். என்னால் மறக்க முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதைத் தாண்டிய அம்மா. வீட்டை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பின்கட்டில் படுக்கை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் சோறு. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-லிருந்தே இருக்கிறது, மனு போடலாம் என்றேன். "பெத்த பிள்ளை மேலயே மனுவா டீச்சர்? நான் கண்ணை மூடினா கொள்ளி வைக்க அவன்தானே வரணும்" என்றார்.

அந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது. நான் வற்புறுத்தவில்லை. அடிக்கடி போய் உட்கார்ந்து பேசினேன். மகனைத் தண்டிக்கச் சொல்லும் மனு அல்ல, சோறும் மருந்தும் கேட்கிற மனு என்பது மனதில் பட்ட பிறகு அவரே "எழுது" என்றார்.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். வர முடியாதவருக்காக, அவர் அனுமதித்த வேறொருவரோ அமைப்போ கொடுக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு இது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை. அந்த அம்மாவுக்கு உத்தரவுக்கு முன்பே சமரசம் ஆனது. மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம், வீட்டு முன்னறையில் இடம். மகன் பேசுவதில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அழுதார்.

திருவாரூர் பக்கம், முன்னாள் தபால் ஊழியர்

டீச்சர், நான் பார்த்த இடத்தில் சிக்கலே பத்திரத்தில்தான். நீங்கள் சொன்ன பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். நான் அழைத்துப் போன பெரியவரின் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. "அன்பின் காரணமாக" என்று மட்டும் இருந்தது. எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டது.

நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருந்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அந்த மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதிக் கொடுப்பதிலேயே பராமரிப்பு எதிர்பார்ப்பும் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்தோம். விசாரணை நடக்கிறது.

ஆனாலும் ஒவ்வொரு முதியவரும் தீர்ப்பு நகலோடு அலைய முடியுமா? பதிவு செய்யும்போதே "இவர் உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறதா ஐயா?" என்று சார்பதிவாளர் கேட்க வேண்டும். இதைத்தான் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் மனுவாகக் கொடுத்து வருகிறோம்.

சேலம், கல்லூரி மாணவர்

எங்கள் தெருவில் பிரச்சினை வேறு. முதியோர் பென்ஷன் 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. அதைக் கையில் வாங்குவதுதான் பாடு. தறி நெய்தே தேய்ந்த விரல்கள், பென்ஷன் கொடுக்கும் கைரேகை மெஷினில் ரேகை விழாது. ஒரு பாட்டி கையை எண்ணெய் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து வந்து நின்றார். கூட்டத்தில் அவரைத் திட்டியதும் நடந்தது. வங்கிக் கிளைக்கே அழைத்துப் போய் மேலாளரிடம் பேசினோம், பாஸ்புக்கை வைத்துக் கொடுத்தார்கள். ரேகை விழாதவர்களுக்கு என்ன மாற்று வழி என்று எழுதி ஒட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று. அந்த 1,200-இல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. எம்.பி.க்களிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

மதுரைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, அந்தப் பாட்டி மாதிரி ஆட்களிடம் 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். திருவாரூர் அண்ணன், உங்கள் மனுவின் நகல் கிடைக்குமா? பெயரை மாற்றி எங்கள் மாவட்டத்திலும் வரும் திங்கட்கிழமையே கொடுத்துவிடுகிறோம்.