தரவுத்தளத்துக்குக் கோப்பு முறைமை என்ன செய்து கொடுக்க வேண்டும்?

சுன்னாகம்_சேர்வர்:
நாங்கள் யாழ்ப்பாணக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். பெரும்பாலும் லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், காசு மேசைக்குக் கீழே ஒரு சாதாரணக் கணினி. யூபிஎஸ் இருக்கும், அதன் பற்றரி செத்திருக்கும். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தரவுத்தளத்துக்கு வேண்டியதைப் பணிசெயல் முறைமையும், அதில் கோப்புகளைப் பார்க்கும் கோப்பு முறைமையும் ஒழுங்காகச் செய்து கொடுப்பதில்லை என்பதுதான் என் வாதம். எழுதச் சொன்னால் உடனே சரி என்று பதில் வருகிறது. எழுதியதோ இன்னும் நினைவகத்தில்தான் கிடக்கிறது. டிஸ்க்கில் இறங்க வேண்டுமென்றால் எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். புதுக் கோப்பு என்றால் அது இருக்கும் கோப்புறைக்கும் இன்னொரு எஃப்சிங்க். இல்லையென்றால் கரண்ட் திரும்ப வரும்போது அந்தக் கோப்பின் பெயரே இல்லாமல் போகலாம். இத்தனையையும் ஒவ்வொரு மென்பொருளும் தானே பார்க்க வேண்டுமா?

கொக்குவிலான்:
பார்க்கத்தான் வேண்டும் தம்பி. கணக்கைப் பாரும். நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 சுற்றுத்தான் சுற்றும். லாக் கோப்பின் (மாற்றங்களைத் தரவுத்தளம் முதலில் பதியும் கோப்பு) நுனியில் ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றும் இறங்கும்வரை காத்திருந்தால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 120 தடவைக்கு மேல் போகாது. பிரவுசர் சேமிக்கும் படத்துக்கும் தற்காலிகக் கோப்புக்கும் அந்தக் காத்திருப்பு எதற்கு? அதனால் கேர்னல், அதாவது பணிசெயல் முறைமையின் மையப் பகுதி, எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்த்து வைத்து ஆறுதலாக எழுதுகிறது. உறுதி வேண்டியவர் கேட்டு வாங்கலாம். இதில் என்ன பிழை?

சுன்னாகம்_சேர்வர்:
கேட்டு வாங்குகிறோம் அண்ணை. கேட்டால் உண்மை சொல்ல வேண்டாமா? 2018 இல் போஸ்ட்கிரெஸ் ஆட்கள் கண்டுபிடித்ததை நினைத்துப் பாருங்கள். டிஸ்க்கில் எழுத முடியாமல் போனால் எஃப்சிங்க் ஒரு தடவை பிழை சொல்லும். ஆனால் லினக்ஸில் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள், எழுதப்படாத அந்தப் பக்கங்களை (நினைவகத்தில் உள்ள தரவுத் துண்டுகளை) எழுதி முடிந்தவையாகக் குறித்துவிடும். தரவுத்தளம் திரும்ப எஃப்சிங்க் கேட்டால் இந்த முறை வெற்றி என்று வரும். போஸ்ட்கிரெஸ் அதை நம்பி, பக்கங்கள் இறங்கிவிட்டன, இனிப் பழைய லாக் தேவையில்லை என்று விட்டுவிடும். தரவு டிஸ்க்கிலும் இல்லை, லாக்கிலும் இல்லை. எந்தச் சத்தமும் இல்லாமல் போய்விடும்.

பல வருடங்களாக இப்படி இருந்திருக்கிறது! 2019 பெப்ரவரி வெளியீடுகளில்தான் போஸ்ட்கிரெஸ் இதற்கு வழி செய்தது. எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றாலும் இப்போது சேர்வர் தன்னையே நிறுத்தி, லாக்கிலிருந்து மீண்டு எழும்பும். பிழையைச் சரியாகச் சொல்லாததற்காக முழு சேர்வரையும் விழுத்த வேண்டியிருக்கிறது.

கொக்குவிலான்:
அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது யூஎஸ்பி ஒன்றை ஒருவர் பிடுங்கிவிட்டார் என்று வையும். எழுத இடமில்லாத பக்கங்களைக் கேர்னல் எவ்வளவு நேரம் வைத்திருக்கும்? கைவிடாவிட்டால் நினைவகம் நிரம்பி முழுக் கணினியும் நின்றுவிடும்.

கேர்னலின் கேஷை, அதாவது அது நினைவகத்தில் சேர்த்து வைக்கும் இடத்தை, நம்பியதுதான் போஸ்ட்கிரெஸின் சிக்கல். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, ஓராக்கிள் போன்ற மற்றத் தரவுத்தளங்கள் எல்லாம் ஓ டைரக்ட் வழியில் கேஷைத் தாண்டி எழுதலாம். எழுத முடியாவிட்டால் அந்த எழுத்துக் கட்டளையே பிழையோடு திரும்பும், எந்தப் பக்கம் தோற்றது என்று எழுதியவருக்கே தெரியும். ஒரே தரவைக் கேர்னலின் கேஷிலும் தரவுத்தளத்தின் கேஷிலும் வைக்கும் வீணும் இல்லை.

வடமராட்சி_மாணவி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தச் சண்டை பழையது. 1981 இலேயே தரவுத்தள ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூனிக்ஸ் பணிசெயல் முறைமையின் கேஷும் கோப்பு முறைமையும் தரவுத்தளத்துக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார். அவரே பிறகு தொடக்கிய போஸ்ட்கிரெஸ் இன்றும் சாதாரண அமைப்பில் கேர்னலின் கேஷைத்தான் பாவிக்கிறது.

அரைகுறையாக எழுதப்படும் பக்கத்தை நீங்கள் இரண்டு பேரும் தொடவில்லை. போஸ்ட்கிரெஸின் பக்கம் 8 கிலோபைட், சாதாரண லினக்ஸ் கணினியின் பக்கம் 4 கிலோபைட். நடுவில் கரண்ட் போனால் பாதி புதிது, பாதி பழையது. அதைச் சமாளிக்க, மாறிய பக்கங்களையெல்லாம் டிஸ்க்கில் இறக்கும் ஒவ்வொரு செக்பாயின்டுக்குப் பிறகும் போஸ்ட்கிரெஸ், பக்கம் முதல் தடவை மாறும்போது அதை முழுதாக லாக்கில் எழுதுகிறது. இன்னோடிபியில் பக்கம் 16 கிலோபைட், அது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுதுகிறது. முழுதாக எழுது, முடியாவிட்டால் பழையதைத் தொடாதே என்று கோப்பு முறைமையிடம் கேட்க முடிந்தால் இந்தச் செலவெல்லாம் மிச்சம். லினக்ஸில் அதற்கான வழி 2024 இல் 6.11 பதிப்பில்தான் வந்தது, இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற இரண்டு கோப்பு முறைமைகளுக்கும் 6.13 இல். டிஸ்க்கும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

சுன்னாகம்_சேர்வர்:
நன்றி தங்கச்சி, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அண்ணை, ஓ டைரக்ட் எங்கள் கடைகளுக்குச் சரிவராது. 8 ஜிபி நினைவகத்தில் தரவுத்தளமும் பில் மென்பொருளும் பிரவுசரும் ஓடுகின்றன. யாருக்கு எவ்வளவு கேஷ் என்று கேர்னல் பார்த்துப் பிரிப்பதுதான் அங்கே நல்லது. கேஷைத் தாண்டினால் முன்கூட்டியே வாசிப்பதிலிருந்து எல்லா வேலையையும் தரவுத்தளமே திரும்பச் செய்ய வேண்டும். தாண்டினாலும் டிஸ்க்கின் உள்ளே ஒரு கேஷ் இருக்கிறது. அதை இறக்க எஃப்சிங்க் வேண்டியதுதான்.

சாவகச்சேரி_வயரிங்:
நான் கடைகளுக்குப் போய்க் கணினி திருத்துகிறவன். பில் மெதுவாகப் போகிறது என்று போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்கையே நிறுத்தி வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! கரண்ட் போனால் முழுத் தரவுத்தளமும் கெட்டுப்போகலாம். வேகம் கட்டாயம் என்றால் சிங்க்ரனஸ் கமிட்டை (ஒவ்வொரு பில்லும் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருப்பதை) மட்டும் நிறுத்துங்கள். கடைசிச் சில பில்கள் போகலாம், மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கும்.

இன்னொன்று. விநாடிக்கு எத்தனை எஃப்சிங்க் முடிகிறது என்று அளக்க, போஸ்ட்கிரெஸோடு பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற கருவி வரும். கொக்குவில் அண்ணை சொன்ன 7200 சுற்று ஹார்ட் டிஸ்க்கில் அது விநாடிக்கு ஆயிரக்கணக்கில் காட்டினால், எங்கோ ஒரு கேஷ் எழுதி முடிந்தது என்று பொய் சொல்கிறது. எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு உதவாது. கரண்ட் போனாலும் கேஷை எழுதி முடிக்கக் கப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டி இருக்கிறது, ஆனால் சேர்வர்களுக்கென்று விற்பதில்தான் பெரும்பாலும் வரும்.

கொக்குவிலான்:
அதைத்தான் சொல்கிறேன். டிஸ்க்கே பொய் சொன்னால் கோப்பு முறைமை என்ன செய்யும்?

சுன்னாகம்_சேர்வர்:
டிஸ்க்கின் பொய்யை நான் கேர்னலின் தலையில் போடவில்லை. நான் கேட்பது வரிசை. பக்கத்துக்கு முன்னால் லாக் இறங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வரிசையை மட்டும் கேட்க லினக்ஸில் தனி அழைப்பு இல்லை. அதனால் எஃப்சிங்கில் போய் நின்று காத்திருக்கிறோம். ஆப்பிளின் மெக்கில் வரிசைக்கு மட்டும் ஒரு கட்டளை இருக்கிறதே. (அங்கே வெறும் எஃப்சிங்க் டிஸ்க்கின் கேஷை இறக்காது, அதற்கும் வேறு கட்டளை.)

கொக்குவிலான்:
வரிசைக் கட்டளை கேட்பது நியாயம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பக்கங்களை எழுதும் இடத்தில்தான் உதவும். காசு வாங்கி, பில்லை அடித்து ஆளின் கையில் கொடுக்க முன்னர் அந்த லாக் டிஸ்க்கில் இருந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் வரிசை போதாது, எஃப்சிங்க் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் தம்பி.