கலப்பினப் பசுக்களின் மரபு மதிப்பீட்டில் ஓர் ஐயம்: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடி சுற்றுவட்டாரத்து ஜெர்சி கலப்பினப் பசுக்களின் மாதாந்திரப் பால் அளவுகளைக் கொண்டு, ஹெண்டர்சனின் பிளப் (BLUP: உறவு மாடுகளின் தரவையும் சேர்த்து மரபுத் திறனை மதிப்பிடும் புள்ளியியல் முறை) முறையில் இனப்பெருக்க மதிப்பைக் (கன்றுகளுக்குப் பெற்றோராக ஒரு மாட்டின் மரபுத் தகுதி) கணித்து வருகிறேன். இதற்கான புள்ளியியல் மாதிரியில் ஜெர்சிப் பங்கு, கலப்பு வீரியம் (இனம் கலந்ததால் பெற்றோர் இனங்களின் சராசரியைவிடக் கூடும் திறன்) ஆகிய இரண்டின் விளைவுகளையும் பிரித்தறிய இயலவில்லை. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போட்டுப் பிறந்த முதல் தலைமுறைக்கு ஜெர்சிப் பங்கு 50%, எதிர்பார்க்கும் வீரியம் 100%. அதற்கு மீண்டும் ஜெர்சி ஊசியே போட்டுப் பிறந்ததற்கு 75%, 50%. ஆக, ஒன்று ஏற மற்றது நேர்கோட்டில் இறங்குகிறது. முதல் தலைமுறைக் கலப்பினங்களையே தம்முள் இணைத்துப் பிறந்தவை (இரண்டும் 50%) போதிய அளவு இருந்தால் இச்சிக்கல் தீரும். என் தரவில் அவை மிகக் குறைவு. வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடுகளே இருப்பதால் ஊர், ஆண்டு, பருவம் மூன்றையும் இணைத்துச் சமவாய்ப்பு விளைவாக (random effect: தற்செயலாக மாறுபடுவதாகக் கொள்ளும் விளைவு) வைத்துள்ளேன். அது சரியென்றே கருதுகிறேன். வீரியத்துக்குப் பிற ஆய்வுகளின் மதிப்பை முன்னறிவாகக் கொடுத்துப் பேய்சியன் முறையில் (முன்னறிவையும் தரவையும் இணைத்துக் கணிக்கும் முறை) கணிப்பது தகுமா? பெற்றோர் அறியாத மாடுகளை இனவாரியாகக் குழுப்படுத்திய அனுபவமுள்ளவர்கள், அக்குழுக்களை எவ்வாறு அமைத்தீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.