புதுப்பிப்பு: சந்தாவா, விளையாட்டுக் கணினியா?

ஓடிடி சந்தாக்களைக் குறைத்து, அந்தப் பணத்தில் ஒரு விளையாட்டுக் கணினியை வாங்கித் தொலைக்காட்சியுடன் இணைக்கலாமா என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். கணினியை வாங்கிவிட்டேன். சந்தாக்களை அடியோடு விடவில்லை. ஒரு நேரத்தில் ஒரே சேவை என்று வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டியவை தீர்ந்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்கு மாறுகிறோம்.

இணைத்த அன்று, பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே திரையில் விளையாட்டின் கதாபாத்திரம் குதித்தது. சிலர் இங்கே ஐயப்பட்டதுபோல, கணினியில் படத்தை உருவாக்கும் வரைகலை அட்டை அதற்குக் காரணமல்ல. வருகிற படத்தை மெருகேற்றத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் நேரமே காரணம். அமைப்புகளில் ‘கேம் மோட்’ என்பதை இயக்கியதும் அந்த மெருகேற்றல் பெரும்பாலும் நின்று, தாமதம் கைக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. கணினியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்புகள் எல்லாமே ஒரே திறன் கொண்டவையல்ல என்பதையும் கவனியுங்கள்: 2.0 தரத்தில் 4கே எனப்படும் மிகத் துல்லியமான படம் நொடிக்கு 60 பிரேம் (தனிப்படம்) வரைதான் முழுத்தரத்தில் வரும். 120 வேண்டுமென்றால் 2.1 தரத்து இணைப்பும் அதற்கேற்ற கேபிளும் தேவை. எங்கள் தொலைக்காட்சியில் அத்தகைய இணைப்பு ஒன்றே ஒன்று. அதையும் சவுண்ட்பார் பிடித்து வைத்திருந்தது!

விலைக்கு வாங்கும் விளையாட்டு நமக்கே சொந்தம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால், கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கிடைப்பதும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத நிறுவல் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள விடும் ஜிஓஜி என்ற இன்னொரு கடை இவ்வகையில் மேல் என்பது என் கருத்து. ஆயினும், வாங்கிய 14 நாள்களுக்குள் 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் ஸ்டீமின் விதி, என்னைப் போல முன்னோட்டத்தைப் பார்த்து மயங்குபவர்களுக்கு மிகவும் உதவும்.